வீரத்தாய் இராணி வேலு நாச்சியார்

ஆனி, ஆடி மாதங்களில் திருக்குற்றாலத்திலே சாரல் விழத் தொடங்கியதும், தென்காசியிலும் சுற்றூர்களிலும் உள்ள நம் சங்கத்துக் குடும்பங்கள் பெரியோரும் சிறியோருமாய் அங்குச் சென்று இரண்டொரு நாள் தங்கி வருவது நெடுநாளைய வழக்கம். காலையில் அருவியாடல், பின்பு குற்றாலநாதர் தரிசனம், உச்சிப் பொழுதில் கட்டுச்சோறு, மாலையில் பெரியோர் வாயிலாக ஏதேனும் நற்கதை கேட்டல் என்று பொழுது இனிது கழியும். அவ்வாறு கூடியிருந்த ஒரு மாலையில், சிறுமி ஒருத்தி தான் வாசித்த நாவலொன்றின் கதையை எல்லாருக்கும் எடுத்துரைத்தாள். அது முற்றிலும் கற்பனை. மாயமலைகளும் பேசும் பறவைகளும் நிறைந்த ஒரு நாட்டின் அரசனைப் பகைவர் கொன்று நாட்டைக் கவர்கின்றனர். அவன் தேவி குழந்தையோடு கானகம் புகுந்து, காலம் பார்த்துப் படை திரட்டி வந்து நாட்டை மீட்கிறாள். கேட்டிருந்த பெரியவர் ஒருவர், கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பிள்ளை பெற்ற தாய் வாளேந்துவது புத்தகத்திலன்றி வேறெங்கும் நடவாது என்று சொல்லி நகைத்தார். சிறுமியின் முகம் வாடிற்று.

அச்சமயம் மழை வலுத்தமையால் கூட்டம் கலைந்தது. விடை கூற நமக்கு அவகாசம் வாய்க்கவில்லை. மாயமலையும் பேசும் பறவையும் நீங்கலாக, அக்கதை முழுவதும் நம் பாண்டிநாட்டிலேயே நடந்ததாகும். ஆதலின் அச்சிறுமிக்கும், அவளையொத்த நம் பெண்மணிகளுக்கும், நகைத்த பெரியவருக்குங்கூட, சிவகங்கை இராணி வேலு நாச்சியாரின் சரித்திரத்தைச் சுருக்கமாக இங்கே எழுதுகிறோம்.

பிறப்பும் வளர்ப்பும்

வேலு நாச்சியார் 1730-ம் வருஷத்தில் இராமநாதபுரம் சேதுபதிகள் மரபில் தோன்றியவர். தந்தையார் செல்லமுத்து விஜயரகுநாத சேதுபதி. தாயார் சக்கந்தி முத்தாத்தாள் நாச்சியார். இவர்களுக்கு ஆண் மகவு இல்லை. ஏக புத்திரியாகிய இவரைப் பெற்றோர், ஆண்பிள்ளை இல்லையே என்னும் ஏக்கத்தில் மூலையில் இருத்திவிடாமல், அரசகுமாரன் ஒருவனுக்குக் கற்பிப்பன யாவற்றையும் கற்பித்தனர். குதிரையேற்றம், வாள், வில், சிலம்பம், மறவர் நாட்டுக்கே உரிய வளரி என்னும் எறிபடை ஆகியவற்றில் இவர் தேர்ந்தவர் என்றும், உருது முதலிய பிற மொழிகளும் அறிந்தவர் என்றும் அந்நாட்டு மரபுச் செய்திகள் ஒருமுகமாகக் கூறுகின்றன.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று நோக்க வேண்டும். பின்னாளில் இவ்வம்மையார் செய்த செயற்கரிய செயல்களுக்கெல்லாம் வித்து, பெண்ணென்று பேதம் பாராட்டாமல் கல்வி தந்த அத்தந்தையின் உள்ளத்திலே விதைக்கப்பட்டது. விதை இட்டவர் பயனைக் கண்ணாற் காணவில்லை. ஆயினும் விதை வீண்போகவில்லை.

1746-ம் வருஷத்தில் வேலு நாச்சியாருக்குச் சிவகங்கைச் சீமையின் இளவரசர் முத்து வடுகநாதப் பெரிய உடையத் தேவரோடு திருமணம் நிறைவேறிற்று. சிவகங்கை அப்பொழுது புதிய அரசு. சேதுநாட்டை ஐந்து கூறாக்கி, மூன்று கூற்றை இராமநாதபுரத்திற்கும் இரண்டு கூற்றைச் சசிவர்ணத் தேவருக்கும் என வகுத்தபொழுது பிறந்தது அது. அச்சசிவர்ணரின் குமாரரே முத்து வடுகநாதர். அவர் காளையார்கோயிற் காட்டையும் கோட்டையையும் அரணாகக் கொண்டு, தாண்டவராய பிள்ளை என்னும் அறிவிற் சிறந்த பிரதானியின் துணையோடு ஆண்டுவந்தார். அரச தம்பதிகளுக்கு வெள்ளச்சி நாச்சியார் என்னும் ஒரே பெண்குழந்தை பிறந்தது.

நாட்டின் அக்கால நிலை

அக்காலத்து அரசியலை அறிந்தாலன்றி நடந்தது விளங்காது. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி தென்னாட்டுப் பாளையங்கள் அனைத்தும் தமக்குக் கப்பம் கட்டக் கடமைப்பட்டவை என்றார். அவரோ ஆங்கிலக் கும்பெனியாருக்குப் பெருங்கடன் பட்டவர். கடன்காரர் நெருக்க நெருக்க நவாப் பாளையங்களை நெருக்கினார்; கொடாதவர் மேல் கும்பெனியாரின் பீரங்கிகளை ஏவினார். தண்டியது நவாபின் பெயரால். சுட்டது கும்பெனியாரின் துப்பாக்கி.

இந்நெருக்குதல் எத்தகையதென்பதை நம் தென்காசிச் சீமையினருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் 1755-ம் வருஷம் முதலாக இதே கப்பத்தை மறுத்தே போராடினார். அவருடைய வாசுதேவநல்லூர்க் கோட்டை முதலியன 1761-ம் வருஷத்தில் யூசுப்கானிடம் வீழ்ந்தன. அக்கோட்டைகளின் மண்மேட்டை நம்மிற் பலர் இன்றும் வழிப்போக்கிற் காண்கிறோம். அங்கு எழுந்த தீயே பதினோராண்டு கழித்துச் சிவகங்கைச் சீமையைச் சுற்றிக்கொண்டது.

1772-ம் வருஷம் ஜூன் மாதத் தொடக்கத்தில் நவாபின் படையும் கும்பெனிப் படையும் சேர்ந்து முதலில் இராமநாதபுரத்தைத் தாக்கின. அங்கே அரசர் முத்துராமலிங்க சேதுபதி சிறுவர். அவர் பொருட்டு ஆட்சி நடத்தியவர் அவருடைய அன்னையார் முத்துத் திருவாயி நாச்சியார். கோட்டை பிடிபட்டது. தாயும் பிள்ளைகளும் சிறைப்பட்டுத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தம் பிறந்தகத்தில் ஒரு தாய்க்கும் மகவுக்கும் நேர்ந்த கதியை வேலு நாச்சியார் சிவகங்கையிலிருந்தே கேட்டிருப்பார். அடுத்த முறை யாருடையது என்பதை அவர் அறியாதிருந்திரார்.

காளையார்கோயில்

அம்மாதம் 25-ந் தேதி, நம் குற்றாலத்தில் சாரல் வீசும் அதே ஆனி மாதத்தில், ஜோசப் ஸ்மித், பான்ஜோர் என்னும் இரு தளபதிகள் கிழக்கும் மேற்குமாகப் படை நடத்திக் காளையார்கோயிலை நெருக்கினர். முத்து வடுகநாதர் போரில் வீழ்ந்தார். அவருடைய இளைய தேவியார் கௌரி நாச்சியாரும் அவருடன் மாண்டார். வேலு நாச்சியார் அப்பொழுது கொல்லங்குடிப் பக்கத்தில் இருந்ததாக மரபு. கணவரின் உடலைக் காணவோ, கடன்கழித்து அழவோ நேரமில்லாத நிலை அவருடையது. அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்திரண்டு, மகளோ சிறுமி.

அன்றைய அரசகுலத்து வழக்கப்படி அவர் கணவரோடு தீக்குளித்திருக்கலாம். அதனையும் உலகம் புகழ்ந்திருக்கும். பகைவரிடம் சரணடைந்து மாதாந்தரப் படி பெற்று வாழ்ந்திருக்கலாம். அதனை எவரும் பழித்திருக்க மாட்டார்கள். அவர் இரண்டையும் கொள்ளவில்லை. மகள் உயிரோடிருக்க, அவளுடைய நாடு பிறர் கையிலிருக்கத் தாம் இறப்பது கடன் தீர்ப்பதாகாது என்று துணிந்தார் எனவே நாம் கொள்கிறோம். தாயாயிருந்தமையே அவரை வாளேந்தச் செய்தது. குற்றாலத்திலே நகைத்த பெரியவர் கருதியதற்கு இது நேர்மாறு.

வேலு நாச்சியார் மகளோடு காட்டுவழியே தப்பிச்சென்றபொழுது நிகழ்ந்ததாக ஒரு செய்தியை அப்பக்கத்து மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். உடையாள் என்னும் ஏழைப் பெண் இராணி சென்ற திசையை அறிந்திருந்தாளாம். தேடிவந்த படைவீரர் கேட்டும் மிரட்டியும் அவள் காட்டிக்கொடுக்கவில்லையாம். அதனால் வெட்டுண்டு இறந்தாளாம். நாடு மீண்ட பின் இராணி அவளுக்கு நடுகல் எடுத்து வழிபட்டார் என்பர். கொல்லங்குடியை அடுத்த வெட்டுடையார் காளி கோயிலை இன்றும் மக்கள் இச்செய்தியோடு இணைத்தே போற்றுகின்றனர். ஓர் இராணியின் மகள் பிழைத்திருக்க வேறொரு தாயின் மகள் உயிர் கொடுத்தாள் என்பதை அச்சந்நிதியில் நிற்போர் மறவாதிருப்பாராக.

விருப்பாட்சி வாசம்

பிரதானி தாண்டவராய பிள்ளையும், மருது சகோதரர்களாகிய பெரிய மருதுவும் சின்ன மருதுவும் உடன்வர, இராணியார் திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சிப் பாளையத்தை அடைந்தார். அப்பாளையத்தார் கோபால நாயக்கர் அவர்களுக்கு அடைக்கலம் தந்தார். விருப்பாட்சியும் நம்மூரைப்போல மலையடிவாரத்து ஊரே. அங்கும் மலையினின்று அருவி வீழ்கின்றது. நாம் அருவிக்கரையில் இரண்டு நாள் தங்கினால் அதனை இன்பமென்கிறோம். வேலு நாச்சியார் எட்டாண்டுகள் அத்தகைய மலைச்சாரலிலும் திண்டுக்கற் கோட்டைப் பக்கத்திலும் அயலார் நிழலில் தங்கினார். அங்கே சிவகங்கையிலிருந்து வந்த செய்திகள் யாவும் துயரச் செய்திகளே. நகருக்கு ஹுசைன் நகர் என்று பெயர் மாற்றப்பட்டதும் அச்செய்திகளில் ஒன்று.

திண்டுக்கல் அப்பொழுது மைசூர் ஹைதர் அலியின் ஆட்சிக்குட்பட்டது. 1772-ம் வருஷம் டிசம்பர் மாதம் 8-ந் தேதி தாண்டவராய பிள்ளை ஹைதருக்கு ஒரு விண்ணப்பம் விடுத்தார். ஐயாயிரம் குதிரைவீரரும் ஐயாயிரம் காலாட்களும் அளித்தால் சிவகங்கையையும் இராமநாதபுரத்தையும் மீட்கலாம் என்பது அதன் சாரம். கணவரை இழந்து ஆறு திங்களும் நிறையவில்லை. அதற்குள் படைக்கணக்கு எழுதியாயிற்று. ஆயினும் அடுத்த ஆண்டே அம்முதிய மந்திரி காலஞ்சென்றார். கணவர் போன பின் அறிவுத்துணையாக நின்றவரும் போயினர்.

இந்த எட்டாண்டுகளே இவ்வம்மையாரின் வாழ்க்கையில் நாம் கற்கவேண்டிய பாடம் மிகுந்த பகுதி என்பது நம் எண்ணம். போர்க்களத்தில் ஒரு நாள் வீரம் காட்டுவது பலர்க்கும் கூடும். எட்டு வருஷம், நாள்தோறும், சோறும் பாதுகாப்பும் பிறர் கொடுக்க வாங்கிக்கொண்டு, மகளை வளர்த்துக்கொண்டு, நம்பிக்கை குன்றாமல் இருப்பது அதனினும் அரிது. அவர் வாளா இருக்கவில்லை. மருது சகோதரர்கள் சிவகங்கைச் சீமையின் நாட்டுத்தலைவர்களோடு இரகசியமாகத் தொடர்பு வைத்திருந்தனர். பெண்களைக் கொண்டதொரு படையும் பயிற்றப்பட்டது என்பர். உயிர்கொடுத்த உடையாளின் பெயராலேயே அது வழங்கிற்று என்பது மரபு. தாயிடம் மகள் கற்றது என்ன என்று நாம் ஆராய வேண்டுவதில்லை. கண்முன் நடப்பதைக் கண்டு வளரும் குழந்தைக்கு அதுவே பள்ளிக்கூடம்.

நாடு மீண்டது

1780-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ஹைதர் அலி பெருஞ்சேனையுடன் கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார். செப்டம்பர் மாதத்தில் காஞ்சீபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கும்பெனிப் படையின் ஒரு பெரும் பகுதி அழிந்தது. சென்னையைக் காப்பதே கும்பெனியாருக்குப் பெரும்பாடாயிற்று. தெற்கே அனுப்ப ஆளில்லை. வேலு நாச்சியார் காத்திருந்த சமயம் இதுவே. ஹைதர் அளித்த துணைப்படையோடும், தம்மைச் சேர்ந்தோரோடும், மருது சகோதரர்களைத் தளபதிகளாகக் கொண்டு அவர் சிவகங்கை நோக்கிப் புறப்பட்டார். நவாபின் படைகள் இடந்தோறும் பின்னடைந்தன. அவ்வாண்டிலேயே சிவகங்கை மீண்டது. அப்பொழுது இராணிக்கு வயது ஐம்பது.

இவ்வெற்றியோடு பிணைந்தது குயிலி என்னும் வீரப்பெண்ணின் வரலாறு. விஜயதசமி நாளில் அரண்மனை இராஜராஜேஸ்வரி ஆலயத்தில் வழிபடப் பெண்களுக்கு அனுமதி உண்டு. பூக்கூடைகளுக்குள் ஆயுதங்களை மறைத்துப் பெண்கள் உட்புகுந்தனர். அவர்களில் ஒருத்தியாகிய குயிலி தன் மேனியில் நெய்யூற்றித் தீமூட்டிக்கொண்டு பகைவரின் வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்தாள் என்று சிவகங்கைச் சீமை மக்கள் போற்றிவருகின்றனர். இது ஏட்டில் எழுதியது அன்று, மக்கள் நெஞ்சில் எழுதியது. அவள் எளிய குலத்தில் தோன்றியவள் என்பதையும் அம்மக்கள் மறவாது சொல்கின்றனர்.

சங்கத்து அன்பர்கள் இங்கு ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். இவ்வரசியின் வெற்றிக்குத் துணை நின்றவர் யார் யாரென எண்ணுவோமாயின், தாண்டவராய பிள்ளை, மருது சகோதரர், கோபால நாயக்கர், ஹைதர் அலி, உடையாள், குயிலி என்று பல குலத்தினரும் பல சமயத்தினரும் வரிசையாக நிற்கின்றனர். ஒரு குலத்தார் மாத்திரம் எடுத்துப் பூட்டிவைத்துக்கொள்ளத் தக்க பெருமையன்று இது. ஆபத்து வந்த நாளில் துணை வந்தவரின் குலத்தை இராணி கேட்கவில்லை. பெருமை பேசும் நாளில் நாமும் கேளாதிருப்பது முறை.

ஆட்சியும் அந்திமமும்

மீட்பது ஒரு வேலை. ஆள்வது வேறு வேலை. வேலு நாச்சியார் சின்ன மருதுவைப் பிரதானியாகவும் பெரிய மருதுவைப் படைத்தலைவராகவும் அமர்த்தினார். நவாபும் கும்பெனியாரும் ஓய்ந்துவிடவில்லை. 1782-ம் வருஷ முடிவில் ஹைதர் இறந்தார். 1783-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் புல்லர்ட்டன் என்னும் தளபதி படையோடு சிவகங்கைக்கு வந்து கப்பப் பணத்திற்கு நெருக்கினார். பணம் கொடுத்தும் தவணை கேட்டும் நாட்டைக் காத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

சரித்திரம் எழுதுவோர் இனியதை மாத்திரம் எழுதிக் கசப்பை மறைத்தல் முறையன்று. பிற்காலத்தில் இராணிக்கும் மருது சகோதரர்களுக்கும் மனவேற்றுமை நேர்ந்தது. நாட்டின் அதிகாரம் உண்மையில் யார் கையில் என்பதே வழக்கு. 1789-ம் வருஷத்தில் கும்பெனிப் படை மீண்டும் காளையார்கோயிலுக்கு வந்ததற்கு இப்பிணக்கும் ஒரு காரணம். எட்டாண்டு ஒரே நிழலில் துன்பம் பகிர்ந்தவர்கள் இன்பத்தைப் பகிர்வதில் மாறுபட்டனர். பின்னர், வெள்ளச்சி நாச்சியாரை மணந்த வேங்கன் பெரிய உடையத் தேவர் அரசராக அமர்ந்தார். மருது சகோதரர்களே நிர்வாகம் நடத்தினர். வேலு நாச்சியார் 1796-ம் வருஷம் டிசம்பர் மாதம் 25-ந் தேதி, தம் அறுபத்தாறாம் வயதில், சிவபதம் அடைந்தார்.

அவர் மறைந்து ஐந்தாண்டுகளுக்குள் எல்லாம் முடிந்தது. 1801-ம் வருஷம் அக்டோபர் மாதம் 24-ந் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். வேங்கன் பெரிய உடையத் தேவர் அடுத்த ஆண்டில் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார். கும்பெனியார் படமாத்தூர் கௌரி வல்லபத் தேவரைச் சிவகங்கை ஜமீன்தாராக அமர்த்தினர். எந்த மகளுக்காக அந்தத் தாய் எட்டாண்டு காத்திருந்து நாட்டை மீட்டாரோ, அந்த மகளின் வழி அரியணையில் நிலைக்கவில்லை.

பிற நாட்டு வீரத் தாயர்

இவரை ஜான்சி இராணி இலட்சுமிபாயோடு ஒப்பிடுவது வழக்கம். இலட்சுமிபாய் 1857, 1858-ம் வருஷங்களில் தம் சுவீகார புத்திரரின் உரிமைக்காகப் போராடிக் களத்தில் மாண்டார். வேலு நாச்சியார் அதற்கு எழுபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே வென்றவர். பத்தொன்பது நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கிலேயரின் தீவிலேயே பூடிக்கா என்றோர் இராணி இருந்தாள். அவள் கணவன் இறந்ததும் ரோமர்கள் அவன் நாட்டைப் பறித்து, அவளைக் கசையால் அடித்து, அவளுடைய இரு பெண்மக்களையும் அவமானப்படுத்தினர். அவள் சினந்தெழுந்து லண்டன் முதலிய நகரங்களைத் தீக்கிரையாக்கி இறுதியில் தோற்றாள். தங்கள் நாட்டுத் தாயைப் போற்றும் இனத்தார் அதே அநீதியை நம் நாட்டுத் தாய்க்கு இழைத்தது விந்தையே. மூவருள்ளும் இழந்ததை மீட்டு, அரியணையில் அமர்ந்து, படுக்கையில் இறந்தவர் நம் வேலு நாச்சியார் ஒருவரே.

இந்திய அரசாங்கத்தார் 2008-ம் வருஷம் டிசம்பர் மாதம் 31-ந் தேதி இவர் உருவந்தாங்கிய அஞ்சல்தலை வெளியிட்டனர். 2014-ம் வருஷத்தில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் சிவகங்கையில் நினைவு மண்டபம் திறந்தனர். இவை சிறந்த கைங்கரியங்களே. ஆயினும் அத்தாயின் எண்ணம் நிறைவேறிற்றா என்னும் கேள்வி எஞ்சி நிற்கின்றது.

மகளின் பங்கு

சிவகங்கை அரண்மனையிலேயே அக்கேள்வி மீண்டும் எழுந்தது என்பது பலர் அறியாத செய்தி. ஜமீன்தார் கௌரி வல்லபர் 1829-ம் வருஷத்தில் ஆண்வாரிசின்றி இறந்தார். சகோதரன் வழியார் ஜமீனைக் கைக்கொண்டனர். அவருடைய மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி, கடைசியில் கடல்கடந்து லண்டன் பிரிவிக் கவுன்சிலை அடைந்தது. 1863-ம் வருஷத்தில் தீர்ப்பாயிற்று. ஜமீன் தகப்பனார் தாமே தேடிக்கொண்ட சொத்து ஆதலின், அது பங்காளிக்கு அன்று, மகளுக்கே உரியது என்று நீதிபதிகள் கூறினர். ஹிந்து தாயபாகச் சட்டம் பயில்வோர் இன்றளவும் ஓதும் தீர்ப்பு அது. வேலு நாச்சியார் வாளால் கேட்டதையே, வேறு கிளையில் வந்த மற்றொரு பெண் சட்டத்தால் கேட்டுப் பெற்றாள்.

அதன்பின் அந்த நியாயம் அரண்மனையைக் கடந்து குடிசைக்கும் வந்தது. 1956-ம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச்சொத்தில் மகனோடு மகளுக்கும் சமபங்கு அளித்தது. 1989-ம் வருஷத்தில் தமிழ்நாட்டார், அவ்வருஷம் மார்ச் 25-ந் தேதிக்கு முன் மணமாகாத பெண்மக்களுக்குப் பூர்வீகச் சொத்திலும் பங்கு தந்தனர். 2005-ம் வருஷத்தில் மத்திய சட்டம் மணமானவர் மணமாகாதவர் என்னும் பேதத்தையும் நீக்கிற்று. அப்பங்கு பிறப்பினாலேயே வருவது என 2020-ம் வருஷத்தில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

சட்டம் இவ்வாறு இருக்க, நம் வீடுகளில் நடப்பது யாது? தகப்பனார் காலமாகிப் பதினாறாம் நாள் கழிந்ததும், உடன்பிறந்தாளைச் சார்பதிவாளர் கச்சேரிக்கு அழைத்துச்சென்று விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குகிறோம். சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று, இனி என்ன என்கிறோம். கையொப்பம் இட மறுத்தவளுக்குப் பிறந்தகத்து வாசல் அடைபடுகின்றது. அவ்வாசல் அடைபடுமோ என்னும் அச்சத்தாலேயே மற்றவர்கள் கையொப்பமிடுகின்றனர். இதில் நாமும் குற்றமற்றவரல்லோம். நம் குடும்பத்திலும் அத்தகைய பத்திரம் ஒன்று பெட்டியில் உண்டு. கையொப்பமிட்ட அத்தையார் அன்று மாலை ஒன்றும் உண்ணாமல் பேருந்தேறிச் சென்றதை நாம் இளம்பருவத்தில் கண்டிருக்கிறோம். அப்பொழுது அதன் பொருள் விளங்கவில்லை.

குற்றாலத்தில் நாவற்கதை சொன்ன சிறுமிக்கு நாம் கொடுக்கும் விடை இதுதான். குழந்தாய், நீ வாசித்த இராணி இருந்தாள். அவள் மாயவாள் ஏந்தியவளல்லள். தந்தை தந்த கல்வியையும், எட்டாண்டுப் பொறுமையையும், பல குலத்தார் துணையையும் ஏந்தியவள். அவள் போரிட்டது மகளுடையது மகளுக்கே சேர வேண்டும் என்பதற்காக. நகைத்த பெரியவருக்கும் பணிவோடு ஒன்று கூறுகிறோம். தாய் வாளேந்துவது எங்கும் நடவாதது அன்று. தாய் வாளேந்த வேண்டிய நிலை மகளுக்கு வாராமற் செய்வதே தந்தையர்க்கும் தமையன்மார்க்கும் உரிய கடமை.

தென்காசியிலே உலகம்மை உடனுறை காசி விசுவநாதர் ஆலயத்தை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், தான் எடுத்த திருப்பணி பிற்காலத்தில் பழுதுறுமோ என்று கவன்று, அதனைப் பின்னாளிற் காப்பவர் எவரோ அவர் அடியில் தான் வீழ்ந்து வணங்குவதாகக் கல்லில் வெட்டுவித்தான். அக்கோபுரம் பிற்காலத்தில் எரிந்து சிதைந்து நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாய் நின்று, 1990-ம் வருஷத்தில் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது. கட்டியவன் ஒருவன்; காத்தவர் வேறு பலர். வேலு நாச்சியார் எழுப்பியதும் அவ்வாறு சிதைந்து நிற்பதொன்றே. அதனை மீண்டும் எடுத்துக் கட்டுதற்குப் படையும் வேண்டா, பீரங்கியும் வேண்டா. அடுத்த முறை நம் வீட்டில் பத்திரம் எழுதும் நாளில், உடன்பிறந்தாளின் பெயரையும் பங்குதாரர் வரிசையில் எழுதச் சொன்னால் போதும். அவ்வாறு எழுதும் குடும்பம் எதுவோ, அதனை அந்த வீரத்தாயும் வணங்குவாள் என்று நம்புகிறோம்.